இரண்டு ஏக்கருக்கு 24 குதிரைவலு: கந்தப்பளையில் ஐந்து வருட டிரக்டர் அனுபவம்

டிரக்டர் வாங்கப் போகிறேன் என்று சொன்னதும் எல்லாரும் முதலில் கேட்பது "எத்தனை ஏக்கர்?" என்றுதான். விற்பனைக் கடையிலும் அதைத்தான் கேட்டார்கள். இரண்டு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு என்றேன். "அப்படின்னா 34 எடுங்க சேர், பிறகு கவலை இல்ல" என்று பளபளவென்று ஒரு புத்தகத்தைக் கையில் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து மாமாவிடம் காட்டினேன். அவர் அதைத் திறக்கவே இல்லை. கொடியில் கிடந்த கயிற்றை அவிழ்த்துக்கொண்டு, "வா, பாலத்த அளந்துட்டு வருவோம்" என்றார்.

எங்கள் ஊர் கந்தப்பளை, நுவரெலியாவுக்குப் பக்கத்து மலையூர். எங்கள் காணிக்குப் போக ஒரே வழி, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் கானைத் தாண்டும் சின்னக் கல்பாலம். இரண்டு பக்கச் சுவருக்கும் நடுவே 5 அடி 1 அங்குலம். 34 குதிரைவலு வண்டி மட்டும் போனால் போய்விடும். அதற்குத் தோதான ரொட்டவேட்டர், அதாவது பின்னால் மாட்டி மண்ணைக் கிளறும் சுழல்கத்தி, ஐந்தடி, பக்கத்து இரும்போடு சேர்த்தால் ஐந்தேகால். ஒவ்வொரு முறையும் கழற்றி, பாலத்தைத் தாண்டி, திரும்ப மாட்டுவது நடக்கிற காரியமா? அன்றைக்கே 34 கதை முடிந்தது.

அடுத்து, மலைச்சரிவைப் படிபோல வெட்டிய தட்டுகளை அளந்தோம். மொத்தம் ஆறு தட்டு. கீழே ஆற்றோரம் இருப்பது நல்ல சமம், முக்கால் ஏக்கர் வரும். அதற்கு மேலே 18 அடி, 16 அடி, 15 அடி அகலத்தில் மூன்று. உச்சியில் இரண்டு 9 அடிக்குக்கூடக் காணாது. மிச்சம் 40 பேர்ச், அதாவது கால் ஏக்கர், தேயிலை. மாமா தட்டின் நடுவில் குச்சி நட்டு, கயிறு கட்டி, வண்டி திரும்பும் வட்டத்தை மண்ணில் கீறிக் காட்டினார். சின்ன வண்டி ஒரு பக்க பிரேக்கை மிதித்தால் 14 அடிக்குள் திரும்பிவிடும். பெரியதற்கு 18 அடியாவது வேண்டும். அதாவது என் தட்டுகளில் பாதிக்கு மேல் அது ரிவர்ஸ் எடுத்தே உழ வேண்டும். ஏக்கர்க் கணக்கு கீழ்நாட்டு வயலுக்குச் சரி. அங்கே 45, 50 குதிரைவலு மாசி பெர்கசன் ஒரே நேராகப் போய் ஒரே திருப்பம் திரும்பும். இங்கே உழுகிற நேரத்தைவிடத் திரும்புகிற நேரம்தான் அதிகம்.

கடைசியில் 2021 ஜனவரியில், ஜப்பானில் ஓடி இங்கே வந்த 24 குதிரைவலு வண்டி ஒன்றை எடுத்தேன். நான்கு சக்கரமும் இழுக்கும், மூன்று சிலிண்டர், காற்றை அழுத்தி இஞ்சினுக்குள் தள்ளும் டர்போ கிடையாது, எடை 700 கிலோவுக்குப் பக்கம். பெயரைச் சொல்லவில்லை. பழைய வண்டியின் குறைகளைக் கம்பனியின் தலையில் கட்டுவது நியாயமில்லை. நான் எடுத்ததிலிருந்து 700 மணித்தியாலம் ஓடியிருக்கிறது.

அதற்கு முன் ஆறு வருடம் எங்களிடம் இருந்தது 12 குதிரைவலு லேண்ட்மாஸ்டர், கைப்பிடியைப் பிடித்து ஓட்டும் இரண்டு சக்கர வண்டி. இன்னும் இருக்கிறது. அதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், இரண்டு ஏக்கருக்கு நான்கு சக்கரமே தேவையா என்று கேட்பவர்களும் உண்டு. தேவையில்லாமல் இருக்கலாம். எனக்கு இடுப்பு போனது. ஒவ்வொரு தட்டின் முனையிலும் கைப்பிடியைத் தூக்கித் திருப்பித் திருப்பி, 38 வயதில் குனிந்தால் நிமிர முடியாமல் போனேன். பெட்டி மாட்டி இறக்கத்தில் போவது இன்னொரு பயம். ஏற்றத்திலும் சமத்திலும் வலது கிளட்ச்சை அமுக்கினால் வண்டி வலது பக்கம் திரும்பும். இறக்கத்தில் அதே கிளட்ச்சை அமுக்கினால் அந்தச் சக்கரம் இஞ்சினின் பிடியிலிருந்து விடுபட்டுத் தானாக உருண்டு முந்திவிடும், வண்டி இடது பக்கம் போகும். பழகியவர்களுக்கே மழை நாளில் கை மாறிப்போகும். ஒரு தடவை கோவா (முட்டைக்கோஸ்) மூட்டைகளோடு நேராகத் தேயிலைக்குள் போய் நின்றேன். செடிகள் பிடித்துக்கொண்டன.

சரி, 24க்கு வருவோம்.

வந்த முதல் மாதமே ஏமாற்றம். வண்டியோடு வந்தது நாலடி ரொட்டவேட்டர். கீழ்த்தட்டில் உருளைக்கிழங்கு எடுத்தபின் ஈர மண்ணில் இறக்கினால் கறுப்புப் புகை தள்ளும், இஞ்சின் திணறும், ஆழம் குறைத்தால்தான் நகரும். ஒரு கராஜில், டீசலைத் தூவும் நொசில் பழுது என்றார்கள். மாற்றினேன். அதே புகை. டீசல் பம்பைக் கழற்றிக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும் என்றார்கள். நல்லவேளை, அதற்குள் ராகலைப் பக்கத்திலிருந்து ஒரு வயதான மெக்கானிக் வந்தார். வண்டியைச் சுற்றி வந்து, காற்று வடிகட்டியைத் திறந்து பார்த்து, மூடிவிட்டுச் சொன்னார்: "தம்பி, இஞ்சின்ல ஒண்ணும் இல்ல. ஒங்க ஊருதான் ஒசரம்."

விஷயம் இதுதான். டீசல் எரியக் காற்று வேண்டும். மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. டர்போ இல்லாத இஞ்சினுக்கு 1000 அடி ஏறினால் நூற்றுக்கு 3 அளவில் வலு குறையும் என்பது பொதுவான கணக்கு. எங்கள் பக்கம் 6000 அடிக்கு மேல். ஆக, புத்தகத்தில் 24 என்று போட்டிருப்பது இங்கே ஏறத்தாழ 20தான். அதிலும் பின்னால் ரொட்டவேட்டரைச் சுற்றும் தண்டுக்குப் போய்ச் சேர்வது 17 மட்டில். ரொட்டவேட்டருக்கு அடிக்கு 5 குதிரைவலுவாவது வேண்டும். நாலடிக்கு 20. எங்கே இருக்கிறது? மூன்றரை அடியாக மாற்றினேன். புகை நின்றது. நொசிலுக்குக் கொடுத்த காசு போனது போனதுதான். பண்டாரவளையில் 4000 அடியில் இதே வண்டியை நாலடியோடு ஓட்டும் நண்பருக்கு இந்தத் தொல்லை இல்லை. மேட்டு நாட்டில் வாங்குபவர்கள் குதிரைவலுவைப் படிக்கும்போது தங்கள் ஊரின் உயரத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

மூன்றரை அடி என்றால் 42 அங்குலம். இங்கேதான் எனக்கு இன்றுவரை முழுதாகத் தீராத சிக்கல் ஒன்று இருக்கிறது. ரொட்டவேட்டர் பின் டயர்களின் வெளி அகலத்தை மூட வேண்டும், இல்லாவிட்டால் டயர் அமுக்கிய தடம் பாத்தியின் இரண்டு பக்கமும் கல்லாக நிற்கும். கரட் போட்டால் அந்த வரிசையில் எல்லாம் இரண்டு கால் முளைத்துக் கோணிக்கொண்டு வரும், சந்தையில் விலை பாதி. அதனால் டயரை உள்ளே தள்ளி 42 அங்குலத்துக்கு வைத்திருந்தேன். ஆனால் டயர் உள்ளே போகப் போக வண்டி சரிவில் கவிழ நிற்கும். ரிம்மைத் திருப்பி மாட்டினால் மொத்தம் ஆறு அங்குலம் அகலும். அப்போது தடம் விழும்.

2023 ஜூனில் அது புரிந்தது. தென்மேல் மழை இரண்டு நாள் விட்டிருந்தது. 15 அடித் தட்டின் முனையில், ரொட்டவேட்டரைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன். வலது பின்சக்கரத்தின் கீழே, தட்டைத் தாங்கும் கல்கட்டின் மேல்வரிசைக் கல் இரண்டு சத்தமில்லாமல் நழுவியது. வண்டி மெதுவாக, மிக மெதுவாகச் சாய்ந்தது. இடது பின்சக்கரம் தரையை விட்டு அரை அடி எழும்பிச் சும்மா சுற்றிக்கொண்டிருந்ததைத் திரும்பிப் பார்த்தது நினைவிருக்கிறது. கீழே பத்தடியில் லீக்ஸ் பாத்தி. கை தானாக லிஃப்ட் லீவருக்குப் போனது. ரொட்டவேட்டரை இறக்கினேன். அந்தப் பாரம் மண்ணில் குத்திப் பிடித்துக்கொண்டது, வண்டி அப்படியே நின்றது. இஞ்சினை நிறுத்திவிட்டு மேட்டுப் பக்கமாக இறங்கி, கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்திருந்தேன். லயத்திலிருந்து ஏழு பேர் சங்கிலியோடு வந்து இழுத்தார்கள். மாமா ஒன்றும் சொல்லவில்லை. பிளாஸ்கில் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

அதன் பிறகு செய்தவை சில. கல்கட்டிலிருந்து மூன்றடி உழுவதே இல்லை, வெட்டிவேர் நட்டிருக்கிறேன். தட்டுக்கு இரண்டு வரிசை லீக்ஸ் நட்டம். போகட்டும். பின் டயர்களில் முக்கால்வாசிக்குத் தண்ணீர் ஏற்றியிருக்கிறேன், பாரம் கீழே நிற்கிறது. ரிம்மைத் திருப்பி அகலமாகவே வைத்துவிட்டு, தடத்தைக் கடைசியில் கையால் முள்ளுக் குத்தி (பல் வைத்த மண்வெட்டியால்) உடைக்கிறோம். கூலி கூடத்தான். குறுக்காக 10 அடிக்கு 2 அடிக்கு மேல் சரிந்த இடத்தில் வண்டியை விடுவதில்லை. மேசன்மார் வைத்திருக்கும் தண்ணீர்க் குழாயால் ஒரே ஒரு நாள் அளந்தால் போதும், காணி முழுதும் தெரிந்துவிடும்.

இன்னொன்று. பழைய ஜப்பான் வண்டிகள் பல, ஓட்டுநர் தலைக்கு மேலே வரும் கவிழ்வுக் காப்பு இரும்புச் சட்டம் இல்லாமலே வருகின்றன. என்னுடையதும் அப்படித்தான் வந்தது. சம்பவத்துக்குப் பிறகு அதே மொடலுக்குச் செய்த சட்டமும் இருக்கைப் பட்டியும் தேடிப் போட்டேன், கிடைக்க நான்கு மாதம் ஆனது. வெல்டிங் கடையில் பைப்பை வளைத்துப் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்வார்கள். கேட்காதீர்கள். பார்க்க அதே மாதிரி இருக்கும், பாரம் விழுந்தால் மடங்கும். சட்டம் இல்லாத வண்டியில் பட்டி மட்டும் கட்டுவது அதைவிடக் கெட்டது.

சின்ன வண்டியின் உண்மையான பலவீனம் உழவில் இல்லை, பாரத்தில்தான். 2021இல் ரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தபோது நாங்கள் மாட்டெருவும் கோழி எருவும் ஏற்றியே களைத்தோம். ஏற்றத்தில் இழுக்கத் தெம்பு இருக்கிறது. இறக்கத்தில் பிரேக் இல்லாத பெட்டி ஒரு டன் பாரத்தோடு பின்னால் நின்று 700 கிலோ வண்டியைத் தள்ளும். டயர் பூட்டிக்கொண்டு வழுக்கும், ஸ்டியரிங் சும்மா சுற்றும். இப்போது அரை டன்னுக்கு மேல் ஏற்றுவதில்லை. ஏறின கியரிலேயே இறங்குகிறேன், இடையில் கிளட்ச்சைத் தொடுவதில்லை. பெரிய ரோட்டிலிருந்து காணிவரை ஒரே இறக்கமாக உள்ளவர்கள், பாரம் ஏற்றுவதுதான் முக்கிய வேலை என்றால், 24ஐ மறந்துவிட்டு எடை கூடின வண்டியைப் பாருங்கள். அல்லது பிரேக் வைத்த பெட்டி வாங்குங்கள்.

டீசல் விஷயத்தில் குறை இல்லை. ரொட்டவேட்டரோடு மணிக்கு 3 லிட்டர் போகிறது. 2022 ஜூன் கடைசியில் லிட்டர் 460 ரூபாவுக்குப் போய், அதுவும் வரிசையில் நின்றால்தான் என்ற காலத்தில் பெரிய வண்டி வைத்திருந்த பலர் படங்கு போட்டு மூடிவிட்டார்கள். நாங்கள் ஒரு கேனை வைத்துக்கொண்டு ஒரு போகத்தையே ஒப்பேற்றினோம்.

உதிரிப்பாகம் தலைவலி. வடிகட்டி, பெல்ட், பெயரிங் எல்லாம் நுவரெலியாவிலேயே கிடைக்கும். கிளட்ச் தட்டுக்கு, கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் இரண்டு நாள் அலைந்தேன், கடைசியில் வேறொரு மொடலுடையதை வெட்டிப் பொருத்தினோம். புதிதாக, இங்கே முகவர் உள்ள வண்டி எடுத்திருந்தால் இந்த அலைச்சல் இருந்திருக்காது. லீசிங் கட்டணம் இருந்திருக்கும்.

வாடகைக்கு ஓட்டலாமா என்று கேட்பார்கள். இரண்டு வருடம் ஓட்டினேன், காசு வந்தது. பிறகு எங்கள் கோவாவில் வேர் வீங்கும் நோய் வந்தது. டயரிலும் கத்தியிலும் ஒட்டிய மண்ணோடு அது ஒரு காணியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும், போய்விட்டால் பல வருடம் மண்ணை விட்டுப் போகாது. உருளைக்கிழங்கு நூற்புழுவும் அப்படித்தான். இப்போது வெளியே போனால் பாலத்துக்கு அந்தப் பக்கமே நிறுத்தி, தண்ணீர் அடித்துக் கழுவிவிட்டுத்தான் உள்ளே எடுக்கிறேன். வாடகை வண்டியை உள்ளே விடுவதே இல்லை. சொந்தமாக வாங்க இதுவும் ஒரு காரணம் என்று வாங்கும்போது எனக்குத் தோன்றவில்லை.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழையில் மேல்தட்டு ஒன்று இறங்கிப் பாலத்தடியில் வந்து விழுந்தது. பின்னால் மண் தள்ளும் தகடு மாட்டி மூன்று நாள் அள்ளினோம். பாலம் தப்பியது, இன்னும் அதே 5 அடி 1 அங்குலம்.

மச்சான் பொரலந்தைப் பக்கம் இரண்டரை ஏக்கர் எடுத்திருக்கிறார், உங்களுடையதையே நானும் வாங்கட்டுமா என்று கேட்டார். போய்ப் பார்த்தேன். அகலமான சமக் காணி, ரோட்டோரம், லொறியே உள்ளே போகும். அவருக்கு 34தான் சரி என்றேன். நம்பவில்லை, என் வண்டியை ஒரு நாள் கேட்டு வாங்கி ஓட்டிப் பார்த்துவிட்டு 34க்கே முற்பணம் கட்டியிருக்கிறார்.

லேண்ட்மாஸ்டரை நான் விற்கவில்லை. உச்சியில் இருந்த 9 அடித் தட்டுகளில் மிஞ்சியிருப்பதற்கு இப்போதும் அதுதான் ஏறுகிறது. ஓட்டுவது மாமா, 63 வயது. முனையில் கைப்பிடியைத் தூக்கித் திருப்பிவிட்டு, கீழே என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு.