கேஸ் தீர்ந்துவிட்டது என்று சொல்லி ஃபிரிட்ஜின் குழாயில் கை வைப்பவரிடம் கவனம்

பாளையங்கோட்டை, பெருமாள்புரம், மகாராஜ நகர் பக்கம் ஃபிரிட்ஜ் பழுதுபார்க்க ஆள் தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கைபேசியில் நிறுவனத்தின் பெயரைப் போட்டுத் தேடும்போது முதலில் வந்து நிற்கும் எண் அந்த நிறுவனத்துடையதுதான் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. விளம்பரத்துக்குப் பணம் கட்டியவர் யாராக இருந்தாலும் அங்கே வந்து நிற்கலாம். அப்படி வந்த ஒருவர் எங்கள் ஃபிரிட்ஜின் நல்ல குழாயில் ஓட்டை போட்டு, அதற்கு 3,800 ரூபாயும் வாங்கிக்கொண்டு போனார். பணம் போனதைவிட, உள்ளே இருந்த மீனைப் பற்றி அவர் சொல்லிவிட்டுப் போன யோசனைதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

எங்களுடையது இரட்டைக் கதவு, ஐஸ் தானாகவே கரைந்துவிடும் வகை. வாங்கி ஆறு வருடம் ஆகிறது. சித்திரை வெயில் உச்சத்தில் இருக்கும்போது கீழ்ப்பகுதி குளிராமல் போனது. மேலே ஃபிரீசரில் ஐஸ் கல்லாக உறைந்திருக்கிறது. கீழே பால் திரிகிறது, காலையில் ஆட்டி வைத்த மாவு மாலைக்குள் பொங்கித் தட்டெல்லாம் வழிந்து நிற்கிறது. மேலே குளிர்ச்சி, கீழே சூடு. இந்த அறிகுறியைச் சொன்ன உடனேயே தொழில் தெரிந்தவர் என்றால் ஃபிரீசரின் பின்தட்டைக் கழற்றிப் பார்த்திருப்பார் என்பது பிறகுதான் தெரிய வந்தது.

வந்தவர் நிறுவனத்தின் நிறத்திலேயே சட்டை போட்டிருந்தார். அடையாள அட்டையைக் கேட்டால் வண்டியில் இருக்கிறது என்றார். வண்டி எங்கள் வாசலில்தான் நின்றது, ஆனாலும் அட்டை கடைசிவரை வரவில்லை. ஃபிரீசருக்குள் எட்டிக்கூடப் பார்க்காமல் நேராக ஃபிரிட்ஜின் பக்கவாட்டுத் தகட்டில் கையை வைத்தார்.

“அக்கா, தொட்டுப் பாருங்கள், எப்படிச் சுடுகிறது! கேஸ் லீக் ஆகிறது.”

பிறகு என் கணவர் பக்கம் திரும்பி, “அண்ணாச்சி, இப்படியே ஓடவிட்டால் கம்ப்ரசர் போய்விடும். அது எட்டாயிரம் ரூபாய் வேலை. இப்போதே கேஸ் நிரப்பிவிட்டால் 3,800-இல் முடிந்துவிடும்” என்றார். பின்னால் போய்க் கம்ப்ரசருக்குப் பக்கத்துக் குழாயில் ஒரு துளைக்கும் கவ்வியை மாட்டி, அளவுமானியைப் பொருத்தி, முள்ளைக் காட்டினார். முள் பூஜ்யத்தை ஒட்டி நின்றது. “பார்த்தீர்களா, கேஸே இல்லை.”

அவர் காட்டியவை எல்லாம் உண்மைதான். அவற்றுக்கு அவர் சொன்ன பொருள்தான் பொய்.

பழைய ஃபிரிட்ஜ்களின் முதுகில் கருப்புக் கம்பிவலை ஒன்று இருக்கும். உள்ளே இருந்து இழுத்த வெப்பத்தை அதுதான் வெளியே தள்ளும். இப்போது வரும் பல மாடல்களில் அந்தக் குழாயைப் பக்கவாட்டுத் தகட்டுக்குள் மறைத்து ஒட்டிவிடுகிறார்கள். ஆகவே பக்கவாட்டில் சூடு இருப்பது இயல்பு. சொல்லப்போனால், கேஸ் முழுவதும் வெளியேறிய ஃபிரிட்ஜில்தான் அந்த இடம் சூடேறாமல் கிடக்கும்.

முள் பூஜ்யத்தில் நின்றதன் கதை இன்னும் சுவையானது. இன்றைய வீட்டு ஃபிரிட்ஜ்கள் பலவற்றில் இருப்பது ஆர்600ஏ என்ற ஐசோபியூட்டேன். வளிமண்டல அழுத்தத்தில் அதன் கொதிநிலை ஏறத்தாழ மைனஸ் 12 டிகிரி. ஃபிரீசரைக் குளிர்விக்கும் சுருள் அதைவிடக் குளிர்ந்த நிலையில் வேலை செய்வதால், கம்ப்ரசர் ஓடும்போது அந்தச் சுருள் பக்கத்துக் குழாயின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கும் கீழே இறங்கிவிடும். நன்றாக ஓடும் ஃபிரிட்ஜிலேயே முள் பூஜ்யத்தையோ அதற்குக் கீழேயோதான் காட்டும். ஆர்134ஏ என்ற வேறு கேஸ் உள்ள பழைய ஃபிரிட்ஜில் அந்த முள் வேறு கணக்கில் நிற்கும். இந்த வித்தியாசம் தெரியாதவர்களுக்கு அந்தக் கருவி ஒரு அருமையான சாட்சி.

கேஸ் என்பது சமையல் சிலிண்டரைப் போல எரிந்து தீர்வது அல்ல. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் ஆயுள் முழுவதும் சுற்றிக்கொண்டிருக்கும். அது குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்க வேண்டும். ஓட்டையைக் கண்டுபிடித்து அடைக்க வேண்டும், வடிகட்டியை மாற்ற வேண்டும், பம்ப் வைத்துக் குழாய்களை வெற்றிடமாக்க வேண்டும், அதன் பிறகு தராசில் நிறுத்துக் கேஸ் ஏற்ற வேண்டும். எவ்வளவு என்பது ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் தாளிலேயே கிராம் கணக்கில் அச்சாகி இருக்கிறது. எங்களுடையதில் ஐம்பது கிராமுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். வந்தவர் தராசும் கொண்டுவரவில்லை, பம்பும் கொண்டுவரவில்லை. ஒரு டப்பாவைக் கவிழ்த்துப் பிடித்துவிட்டு, காது கொடுத்துக் கேட்டு, “போதும்” என்றார்.

ஆனால் அதன் பிறகு ஃபிரிட்ஜ் குளிர்ந்தது! இந்த ஏமாற்று வேலை ஊர் முழுக்கச் செல்லுபடியாவதே இதனால்தான். தானாக ஐஸ் கரையும் ஃபிரிட்ஜில் குளிர்ச்சுருள் ஃபிரீசரின் பின்தட்டுக்குப் பின்னால் மறைந்திருக்கும். அதன் மேல் படியும் உறைபனியை ஒரு சிறிய ஹீட்டர் சில மணி நேரத்துக்கு ஒருமுறை கரைத்துவிடும். ஒரு விசிறி அந்தக் குளிர்ந்த காற்றைக் கீழ்ப்பகுதிக்குத் தள்ளும். ஹீட்டரோ அதன் ஃபியூஸோ சென்சாரோ கெட்டுப்போனால் பனி ஏறிக்கொண்டே போய்க் காற்றுப் பாதையை அடைத்துவிடும். சுருளுக்கு அருகில் இருப்பதால் ஃபிரீசர் சில காலம் தாக்குப்பிடிக்கும். காற்று வராத கீழ்ப்பகுதிதான் முதலில் சூடாகும். எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். கேஸ் போடுகிறேன் என்று மத்தியானமே மின்சாரத்தை நிறுத்தி, கதவுகளைத் திறந்து போடச் சொல்லி, “கேஸ் செட் ஆக வேண்டும், இரவு போடுங்கள்” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த நேரத்தில் பின்னால் இருந்த பனி சித்திரை வெப்பத்தில் தானாகக் கரைந்து வடிந்துவிட்டது. குளிர்ச்சியைத் திருப்பிக் கொடுத்தது அந்த இடைவெளி. காசு வாங்கியவர் டப்பாக்காரர்.

பனி மறுபடி படியும் வரைக்கும் நன்றாக ஓடியது, பிறகு பழைய குருடி கதவைத் திறடி. மறுபடி அழைத்தபோது, கம்ப்ரசர் பலவீனமாகிவிட்டது, 7,500 ஆகும் என்றார். கம்ப்ரசருக்குப் பத்து வருட வாரண்டி இருக்கிறதே என்று அட்டையை நீட்டினேன். “வெளி ஆள் குழாயைத் தொட்டுவிட்டால் வாரண்டி கிடையாது அக்கா” என்று அவரே சொன்னார். அந்த வெளி ஆள் யார் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. நிறுவனத்தின் உண்மையான சேவை மையமும் குழாயில் இருந்த கவ்வியைப் பார்த்துவிட்டு அதையே சொன்னது.

கடைசியில் பார்த்துக் கொடுத்தவர் என் கணவரின் சித்தப்பா மகன். தூத்துக்குடியில் மீன் ஏற்றுமதி செய்யும் குளிர்கிடங்கு ஒன்றில் வேலை. பின்தட்டைக் கழற்றி, “மயினி, இங்கே வந்து பாருங்கள்” என்று கூப்பிட்டார். சுருள் இருந்த இடமே தெரியவில்லை, வெள்ளைச் சுவர்தான் தெரிந்தது. ஹீட்டருக்கான ஃபியூஸ் போயிருந்தது. பொருளின் விலை சில நூறு ரூபாய். அதைவிடப் பெரிய வேலை, முதல் ஆள் செய்துவைத்த கெடுதியைச் சரிசெய்வது. அந்தக் கவ்வி சரியாக இறுகவில்லை. உள்ளே அழுத்தம் குறைவாக இருப்பதால் அந்த இடுக்கு வழியாக வெளிக்காற்றும் ஈரமும் உள்ளே இழுக்கப்பட்டிருக்கும் என்றார். ஐசோபியூட்டேன் தீப்பற்றக்கூடியது என்பதால் ஜன்னல்களைத் திறந்து, சமையலறையில் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் பழைய கேஸை வெளியேற்றினார். பிறகு கவ்வியை அகற்றிக் குழாயை அடைத்து, முறைப்படி எல்லாம் செய்து முடித்தார்.

இனி மீன் விஷயம். முதல் ஆள் வந்த அன்று ஃபிரீசரில் உவரியிலிருந்து வந்த சூரை மீன் இருந்தது. மத்தியானம் மின்சாரத்தை நிறுத்தியபோது, இதை என்ன செய்வது என்று கேட்டேன். “உள்ளேயே கிடக்கட்டும் அக்கா, இரவு மறுபடி உறைந்துவிடும். ஐஸில் இருந்த மீனுக்கு ஒன்றும் ஆகாது” என்றார். அவர் சொன்னபடியே விட்டோம். மூடிய கதவு அல்ல, திறந்து போட்ட கதவு. இரண்டு நாள் கழித்து அதைக் குழம்பு வைத்தோம். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் என் கணவருக்கு முகமும் கழுத்தும் சிவந்து, தலைவலி, உடம்பெல்லாம் அரிப்பு. மருத்துவர் முதலில் கேட்டதே “என்ன மீன் சாப்பிட்டீர்கள்?” என்றுதான். மருந்தில் அன்றைக்கே அடங்கியது.

சூரை, சாளை, அயிலை போன்ற மீன்கள் குளிர்ச்சியின்றிக் கிடந்தால் அவற்றில் உள்ள ஹிஸ்டிடின் என்ற பொருளைப் பாக்டீரியா, அந்தச் சிவப்பையும் அரிப்பையும் உண்டாக்கும் ஹிஸ்டமினாக மாற்றிவிடும். உருவான ஹிஸ்டமின் கொதிக்க வைத்தாலும் போகாது, மறுபடி உறைய வைத்தாலும் போகாது. மணத்தை வைத்தும் கண்டுபிடிக்க முடியாமல் போகலாம். அவர்கள் கிடங்கில் சூரைக்கு ஹிஸ்டமின் சோதனை செய்யாமல் ஏற்றுமதிக்கு அனுப்புவதில்லை என்று தம்பி சொன்னார். வீட்டில் நமக்கு எந்தச் சோதனைக்கூடமும் இல்லை. ஆகவே ஃபிரிட்ஜை நிறுத்தச் சொல்லும் எந்த மெக்கானிக்காக இருந்தாலும், கடல்மீனை உடனே ஐஸ் பெட்டிக்கு மாற்றுங்கள், அல்லது பக்கத்து வீட்டு ஃபிரீசரில் இடம் கேளுங்கள். முழுக்க இளகிப்போய் சூடேறிக் கிடந்த மீன் என்றால் விலையைப் பார்க்காமல் எறிந்துவிட வேண்டியதுதான். இன்னும் ஐஸ் துகள்கள் இருந்தால் மறுபடி உறைய வைக்கலாம்.

சொதியும் அப்படித்தான். மறுவீட்டுச் சாப்பாட்டில் மிஞ்சியதைத் தூக்கில் வாங்கிவந்து இரவெல்லாம் மேடையில் வைத்துவிட்டு, காலையில் ஃபிரிட்ஜில் வைப்பதைப் பல வீடுகளில் பார்க்கிறேன். தேங்காய்ப்பால் அவ்வளவு நேரம் தாங்காது. சமைத்த உணவை அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். அகலமான சிறு பாத்திரங்களில் பிரித்து ஆறவைத்து உள்ளே வையுங்கள். பின்பக்கக் காற்றுத் துவாரத்தை மாவுச் சட்டியால் அடைத்துவிட்டுக் குளிரவில்லை என்று மெக்கானிக்கைக் கூப்பிடுவதும் நடக்கிறது.

ஃபிரிட்ஜுக்கென்று ஒரு சிறிய தெர்மாமீட்டர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நடுத்தட்டில் தண்ணீர் டம்ளருக்குள் போட்டு இரவு முழுக்க விட்டுக் காலையில் பாருங்கள். கீழ்ப்பகுதி 5 டிகிரிக்குள், ஃபிரீசர் மைனஸ் 18. மெக்கானிக் வருவதற்கு முன்னும் போன பின்னும் இந்த எண்ணைப் படமெடுத்து வைத்தால் வாக்குவாதத்துக்கு இடமில்லை. மின்வாரியம் பராமரிப்புக்காகக் காலை முதல் மாலை வரை மின்தடை அறிவிக்கும் நாட்களிலும் இது உதவும். திறக்காத ஃபிரிட்ஜ் சுமார் 4 மணி நேரம், நிறைந்த ஃபிரீசர் 48 மணி நேரம் வரை தாங்கும் என்பது பொதுக் கணக்கு. நம் ஊர் வெயிலில் அதை முழுசாக நம்பி இருக்க மாட்டேன்.

ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐஸைக் கத்தியால் சுரண்டாதீர்கள். அந்த அலுமினியத் தகட்டுக்குள்தான் கேஸ் ஓடுகிறது. அங்கே துளை விழுந்தால் கேஸ் லீக் என்பது அப்போது நிஜமாகிவிடும்.

கூப்பிடும் எண்ணை வாரண்டி அட்டையிலிருந்தோ நிறுவனத்தின் சொந்த இணையதளத்திலிருந்தோ எடுங்கள். அவர்கள் கொடுக்கும் புகார் எண் வந்தவரின் கைபேசியில் இருக்கிறதா என்று வாசலிலேயே கேளுங்கள். கேஸ் போட வேண்டும் என்றால், “ஓட்டை எங்கே, காட்டுங்கள். தராசு, பம்ப் கொண்டு வந்திருக்கிறீர்களா?” என்ற கேள்வி போதும், பலர் அங்கேயே பார்வைக் கட்டணத்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். பணத்தை ரொக்கமாகக் கொடுக்காமல் கைபேசி வழியாகவே செலுத்துங்கள்.

எங்களிடம் இருந்தது முகவரி இல்லாத ஒரு ரசீதும் பணம் செலுத்திய பதிவும்தான். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறோம். அடுத்தது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். இரண்டு வருடத்துக்குள் மனுச் செய்யலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. ரசீதில் இருந்த எண்ணை அழைத்தால் எங்கள் அழைப்பை எடுப்பதில்லை. நேற்று பக்கத்து வீட்டு அக்கா வாஷிங் மெஷினுக்கு ஆள் தேடியபோது அதே எண் வேறொரு நிறுவனத்தின் பெயரில் முதலிடத்தில் வந்து நின்றது.