பெரிய ஸ்பார்ஸ் மேட்ரிக்ஸ்ல சப்மேட்ரிக்ஸ வேகமா எடுக்கறது: ரொம்ப நாள் யூஸ் பண்ண அனுபவம்

ஃபைனைட் எலிமென்ட் (ஒரு பொருள சின்னச் சின்னத் துண்டா பிரிச்சு கணக்கு போடற முறை) வேலைக்காக சைபை (பைத்தான் லைப்ரரி), மேட்லேப், ஜூலியா மூணுலயும் வருஷக்கணக்கா ஸ்பார்ஸ் மேட்ரிக்ஸ், அதாவது பெரும்பாலும் ஜீரோவாவே இருக்கற மேட்ரிக்ஸ், ஓட்டிட்டு இருக்கேன். நேரம் எல்லாம் சமன்பாடுகளத் தீர்க்கற சால்வர்ல தான் போகுதுன்னு பொதுவா நெனப்பாங்க, ஆனா ஒவ்வொரு ஸ்டெப்லயும் பவுண்டரி நோடுங்கள (ஓரத்துல இருக்கற புள்ளிங்கள) கழிச்சிட்டு மிச்சத்த சப்மேட்ரிக்ஸா (மேட்ரிக்ஸோட ஒரு பகுதியா) எடுக்கற அந்த ஒத்த வரி இருக்கே, அத கவனிக்காம விட்டா அதுவும் சால்வருக்குப் போட்டியா நேரம் தின்னும்.

மொதல்ல ஸ்டோரேஜ். ஒரு லட்சத்துக்கு ஒரு லட்சம் மேட்ரிக்ஸ டென்ஸா, அதாவது ஜீரோவையும் சேத்து எல்லாத்தையும் வெச்சா, டபுள்ல (ஒரு எண்ணுக்கு 8 பைட்) 80 ஜிபி. நிரைக்கு 5 நான்-ஜீரோ தான்னா நான்-ஜீரோவ மட்டும் சேமிக்கற சிஎஸ்ஆர் ஃபார்மட்ல 7 எம்பிக்குள்ள அடங்கிடும். சிஎஸ்ஆர்ல எல்லாம் நிரை நிரையா அடுக்கி இருக்கும், எந்த நிரை எங்க ஆரம்பிக்குதுன்னு தனியா ஒரு அர்ரே இருக்கு, அதனால நிரை கேட்டா அந்தத் துண்ட காப்பி பண்ணா போதும், நிரல் கேட்டா மட்டும் எல்லா நிரையோட இன்டெக்ஸையும் தேடணும். நிரல் நிரலா அடுக்கற சிஎஸ்சி ஃபார்மட் இதுக்கு அப்படியே எதிர். மேட்லேப், ஜூலியா ரெண்டுமே சிஎஸ்சி, அங்க போயும் நிரை நிரையா எடுத்துட்டு இருந்தா வேகம் படுத்துடும். சைபைல நிறைய நிரல் வேணும்னா லூப்புக்கு வெளிய ஒரு தடவ சிஎஸ்சிக்கு மாத்திடுங்க, அந்தச் செலவு பெருசா தெரியவே தெரியாது.

மேட்ரிக்ஸ்ல ஒவ்வொரு மதிப்பா லூப்ல எழுதறத தயவு செஞ்சு விட்டுடுங்க. சிஎஸ்ஆர்ல புதுசா ஒரு நான்-ஜீரோ நுழையணும்னா பின்னாடி இருக்கறதெல்லாம் நகரணும், சைபையே வார்னிங் குடுக்கும். மொத்தமா சிஓஓவா (நிரை, நிரல், மதிப்புன்னு லிஸ்ட்டா வெக்கற ஃபார்மட்) கட்டி சிஎஸ்ஆருக்கு மாத்தினா ஒரே இடத்துல வர்ற மதிப்புகள அதுவே கூட்டிக்கும், ஒவ்வொரு துண்டோட மதிப்பையும் ஒரே மேட்ரிக்ஸா சேக்கற எலிமென்ட் அசெம்ப்ளிக்கு அளவெடுத்து தச்ச மாதிரி.

ஜூலியால வியூ (தனியா காப்பி எடுக்காம மூல மேட்ரிக்ஸோட ஒரு பகுதியையே காட்டறது) போட்டா காப்பி மிச்சம்னு தோணும். அடுத்தடுத்த நிரல்களுக்கு அது சரி தான், நிரைக்குப் போட்டா பல ஆபரேஷன் ஸ்பார்ஸ் கோட விட்டுட்டு பொதுவான மெதுவான கோடுக்குப் போயிடுது, அங்க காப்பி எடுக்கறதே மேல்.

எனக்கு நெஜமாவே பெரிய வித்தியாசம் காட்டினது வேற. மெஷ் (பொருளத் துண்டா பிரிச்ச வலை) மாறலன்னா நான்-ஜீரோ இருக்கற இடங்களும் மாறாது, மதிப்பு மட்டும் தான் மாறும். அப்ப எதுக்கு ஒவ்வொரு ஸ்டெப்லயும் திரும்பத் திரும்பத் தேடணும்? சைபைல மேட்ரிக்ஸோட ஒரு காப்பில டேட்டா அர்ரேக்கு (நான்-ஜீரோ மதிப்புங்க இருக்கற அர்ரே) பதிலா 1, 2, 3னு வரிசையா எண்ணப் போடுங்க, அதுல இருந்து சப்மேட்ரிக்ஸ எடுங்க, இப்ப அதோட டேட்டால இருக்கறது தான் மேப், ஒவ்வொரு மதிப்பும் பழைய அர்ரேல எத்தனாவது இடத்துல இருந்து வருதுன்னு அது சொல்லிடும். அதுக்கப்புறம் ஒவ்வொரு ஸ்டெப்லயும் அந்த மேப்ல ஒண்ணு கழிச்சு (பைத்தான்ல இடம் 0ல இருந்து ஆரம்பிக்கறதால) டேட்டாவ எடுத்து சப்மேட்ரிக்ஸ்ல போட்டா முடிஞ்சுது, தேடலே கிடையாது. ஒண்ணு மட்டும் கவனம், இன்டெக்ஸ சார்ட் பண்றதா இருந்தா மேப் எடுக்கறதுக்கு முன்னாடியே பண்ணிடுங்க, நடுவுல ஜீரோவ நீக்கற ஃபங்ஷன கூப்பிட்டா மேப் செல்லாது.

ஜூலியாலயும் இது நல்லா ஓடுது. மேட்லேப்ல ஓடாது, அது ஜீரோ ஆன மதிப்ப தானாவே தூக்கிடும், உள்ள இருக்கற அர்ரேவ நேரா தொடவும் விடாது, அங்க நான் நிரை, நிரல் ரெண்டுக்கும் ஒரே இன்டெக்ஸ் லிஸ்ட்டக் குடுத்து ஒரே தடவைல எடுத்துடறேன்.