இடைவெளிக்குப் பின் மேசைப்பந்து: இரண்டு பாதைகள்

வளைகுடாவில் இருபது ஆண்டுகள் உழைத்துவிட்டு நாகர்கோவிலுக்கும் மார்த்தாண்டத்துக்கும் திரும்பியவர்களில் சிலர், மட்டையை மீண்டும் எடுப்பதா என்று தயங்குகிறார்கள். சீனாவில் பிறந்து வேறு நாடுகளுக்காக ஆடிய இரு வீராங்கனைகளை ஒப்பிட்டால் தெளிவு பிறக்கும்.

ஆட்டத் தொடர்ச்சி: 1983-இல் சீனாவுக்காக உலகப் பட்டம் வென்ற நி சியாலியன், 1991-இல் லக்சம்பர்க்கில் குடியேறி அங்கும் ஆட்டத்தைத் தொடர்ந்தார். 1989-இல் பயிற்சியாளராகச் சிலி சென்ற செங் ஷியிங், நெடுங்காலம் விலகியிருந்து, பெருந்தொற்றுக் காலத்தில்தான் தீவிரமாகத் திரும்பினார்.

பழகும் எளிமை: பந்து 38-இலிருந்து 40 மில்லிமீட்டரானதையும், ஒரு செட்டை வெல்லத் தேவையான புள்ளிகள் 21-இலிருந்து 11 ஆனதையும், பின்னர் பிளாஸ்டிக் பந்து வந்ததையும் தொடர்ந்து ஆடுபவர் ஒவ்வொன்றாகப் பழகிக்கொள்வார், விலகியவரோ எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கற்க வேண்டும். (நம் ஊர் ஆனி மாத ஈரக்காற்றில் மட்டையில் ஒட்டிய ரப்பர் வழுக்குவது தனிக்கதை.)

செலவு: தொடர்பவருக்கு ஆண்டுதோறும் ரப்பர், பயணம், திரும்புபவருக்குத் தொடக்கத்திலேயே மொத்தச் செலவு.

பலன்: 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 61 வயது நி முதல் ஆட்டத்தை வென்றார், 58 வயதில் முதன்முறையாக ஒலிம்பிக் ஆடிய செங் தொடக்கச் சுற்றிலேயே தோற்றார்.

வெற்றியே குறியென்றால், வாரம் இருமுறையேனும் விடாமல் ஆடுவதே பொருந்தும். களத்தில் ஒருமுறை நின்றுவிட வேண்டும் என்ற ஏக்கம்தான் என்றால், செங்கின் பாதை ஐம்பதைக் கடந்தவருக்கும் திறந்தே இருக்கிறது.