ஜோடியாக ட்ரெயில் ஓட வாங்கிய ஹைட்ரேஷன் வெஸ்ட்

நானும் வீட்டுக்காரரும் மல்நாடு அல்ட்ராவில் (கர்நாடக மலைநாட்டுக் காப்பித் தோட்டங்களின் ட்ரெயிலில், அதாவது மண் பாதையில், நடக்கும் நெடுந்தூர ஓட்டம்) 50 கிலோமீட்டர் சேர்ந்தே ஓடுவது என்று முடிவு செய்ததும் முதலில் தேடியது ஹைட்ரேஷன் வெஸ்ட்தான், அதாவது தண்ணீரும் சாமான்களும் வைத்துக்கொண்டு ஓட உடம்போடு ஒட்டி மாட்டும் பை. தனியாக ஓடுகிறவர்கள் எழுதிய விமர்சனங்கள் நிறைய இருக்கின்றன. கணவன் மனைவி ஒரே வேகத்தில் ஒன்றாக ஓடும்போது எது உதவுகிறது என்று யாரும் எழுதிப் பார்க்கவில்லை, அதனால் இதை எழுதுகிறேன்.

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டிலிருந்து பக்கம் என்பதால் இந்திராநகரில் ஒரு சின்னக் கடையில் வாங்கினோம். ஒரே மாடல், இரண்டுமே 8 லிட்டர் கொள்ளளவு. எனக்குப் பெண்களுக்கான வெட்டு, அதாவது பெண்கள் உடலுக்கேற்பத் தைத்தது. கடைத் தம்பி பில் போடுவதற்கு முன்னாலேயே ஃபிளாஸ்க் (வெஸ்டில் செருகும் மெத்தென்ற தண்ணீர்க் குடுவை) இரண்டிலும் தண்ணீர் நிரப்பிக் கொடுத்து, "அக்கா, மாட்டிக்கிட்டு மாடிப்படி ஏறி இறங்குங்க" என்றார். காலி வெஸ்ட் யாருக்கும் பொருந்துவது போலத்தான் இருக்கும். ஒரு லிட்டர், அதாவது ஒரு கிலோ, நெஞ்சில் ஏறிய பிறகுதான் எங்கே ஆடுகிறது, எங்கே உரசுகிறது என்பது தெரியும். வீட்டுக்காரருக்கு எடுத்து வைத்த எம் சைஸ் அந்தப் படிக்கட்டிலேயே எஸ் ஆனது. இப்படிச் சோதிக்க விடாத கடையில் வெஸ்ட் வாங்க வேண்டாம் என்பேன்.

எங்களுக்கு மிகவும் பிடித்தது முதுகுப்பக்க ஜிப். பக்கவாட்டில் நீளமாக, பெரிய இழுப்புக் கயிறோடு இருக்கிறது. ட்ரெயிலில் செங்குத்தான ஏற்றங்களில் பெரும்பாலோர் ஓடமாட்டார்கள், விறுவிறுவென்று நடப்பார்கள். அந்த நேரத்தில் பின்னால் வருபவர் கையை நீட்டி முன்னால் போகிறவரின் ஜிப்பைத் திறந்து, மழைச்சட்டையோ கடலை மிட்டாயோ எடுத்துக் கொடுத்துவிடலாம். "ஏங்க, அந்தச் சின்னப் பாக்கெட்" என்றால் போதும், நடை நிற்காது. மழை ஓய்ந்த மலைநாட்டுக் காப்பித் தோட்டத்தில் இது சின்ன விஷயமில்லை. நின்றால் அட்டை ஏறிவிடும். தனியாக ஓடுகிறவர் இதற்காக வெஸ்டைக் கழற்ற வேண்டும். ஜோடிக்கு அந்த வேலையே இல்லை. கடையில் பார்த்த வேறொரு மாடலில் பையின் வாய் மேலே, கழுத்துக்குக் கீழே இருந்தது. அதில் பின்னாலிருந்து கை விடவே முடியவில்லை.

அடுத்தது முன்பக்கத்தில் இருக்கும் இரண்டு 500 மில்லி ஃபிளாஸ்க்குகள். முதுகில் மாட்டும் தண்ணீர்ப் பையைவிட இவை மேல் என்பதற்கு என் காரணம், எவ்வளவு குடித்திருக்கிறேன் என்பது அவருக்கும், அவர் குடித்தது எனக்கும் கண்ணுக்குத் தெரிகிறது. களைத்துப்போனவருக்குத் தான் குடித்த கணக்கு நினைவில் இருக்காது. குறைவாகக் குடிப்பதும் தப்பு, அளவுக்கு மீறிக் குடிப்பதும் ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தான் ஓடியவர்களைச் சோதித்து 2005-இல் வெளியான ஆய்வில், நூற்றுக்கு 13 பேருக்கு ரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. அதிகமாகக் குடித்து ஓட்டத்தின்போதே எடை கூடியவர்களிடம்தான் அது முக்கியமாகக் காணப்பட்டது. மருந்துக்கடையில் கிடைக்கும் ஒரு லிட்டர் ஓஆர்எஸ் பொட்டலத்தை நாங்கள் மொத்தமாகக் கரைத்து, ஆளுக்கு ஒரு ஃபிளாஸ்க்கில் ஊற்றிக்கொள்வோம். மற்றதில் வெறும் தண்ணீர். ஃபிளாஸ்க்கை மூடும்போது காற்றைப் பிதுக்கி வெளியேற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் நெஞ்சில் களக் களக் என்று ஒரே சத்தம்.

இருவருக்கும் ஒரே வெஸ்ட் போதும், கணவர் சுமக்கட்டும் என்று நினைக்காதீர்கள். பல பந்தயங்களில் ஹெட்லாம்ப், விசில், தண்ணீர் எல்லாம் ஆளுக்கு ஒரு செட் கட்டாயம். கட்டாயம் இல்லாவிட்டாலும் அப்படித்தான் வைத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் கால் பிசகி நின்றுவிட்டால் மற்றவர்தான் அடுத்த எய்ட் ஸ்டேஷனுக்கு (வழியில் தண்ணீரும் உதவியும் கிடைக்கும் இடம்) ஓட வேண்டியிருக்கும், அப்போது இருவரிடமும் எல்லாம் இருக்க வேண்டும். நாங்கள் பங்கு போட்டுக்கொண்டது முதலுதவிப் பையையும் சாப்பாட்டையும் மட்டும்தான்.

குறைகளும் இருக்கின்றன. என் வெஸ்டில் மேல் நெஞ்சுப் பட்டையின் கொக்கி, இறக்கத்தில் ஓடும்போது மெல்ல மெல்ல மேலே நகர்ந்து கழுத்தெலும்பில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. சுல்தான்பேட்டைப் படிகளில் நந்தி மலை ஏறி இறங்கிய பயிற்சி நாளில் அந்த இடம் சிவந்து தோலே உரிந்துவிட்டது. கொக்கி நகர்கிற தடத்தில், கொக்கிக்குக் கீழும் மேலும் நாலு தையல் போட்டுத் தடுத்த பிறகுதான் அடங்கியது. இவ்வளவு விலை கொடுத்து வாங்குகிற பொருளில் இதைக் கம்பெனியே செய்திருக்க வேண்டும். செல்போன் பாக்கெட் வியர்வையைத் தடுப்பதில்லை, பிளாஸ்டிக் கவரில் போட்டுத்தான் வைக்க வேண்டும். அவருடைய விசில் ஒரு மாதத்திலேயே கழன்று விழுந்தது. பெண்களுக்கான வெட்டு மட்டும் உண்மையிலேயே யோசித்துச் செய்தது. ஃபிளாஸ்க் நெஞ்சை அழுத்தாமல் சற்று விலகி, விலா ஓரம் உட்காருகிறது.

ஓடி முடித்த அன்றே பச்சைத் தண்ணீரில் அலசிக் கையால் துவைத்து நிழலில் காயப்போடுங்கள். விட்டுவிட்டால் பட்டையில் உப்பு வெள்ளைக் கோடாகப் படிந்து, அடுத்த ஓட்டத்தில் தோலை அறுக்கும். வாஷிங் மெஷின் வேண்டாம்.

ஒன்று நாலாயிரத்துக்குக் கொஞ்சம் கீழே வந்தது. 50 கிலோமீட்டர் வரை ஜோடியாக ஓட நினைப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். இரவிலும் ஓட வேண்டிய 100 கிலோமீட்டருக்கு 8 லிட்டர் காணாது, 12 லிட்டராகப் பாருங்கள். கடைக்கு இருவரும் சேர்ந்தே போய், ஒருவர் ஜிப்பை மற்றவர் நடந்துகொண்டே திறந்து பார்த்துவிட்டுப் பில் போடச் சொல்லுங்கள்.