பிரண்டை சாப்பிட்டால் எலும்பு தேறுமா? சில வருட அனுபவம்

மியான்மரில் மோல்மீன் ஊரில் இருக்கும் தங்கச்சி போன் போட்டு, "அக்கா, நீங்க பிரண்டைதானே சாப்பிடுறீங்க, நான் எலும்புத் தேய்வு மாத்திரையை நிறுத்திடட்டுமா?" என்று கேட்டாள். நிறுத்தாதே என்று அப்போதே சொல்லிவிட்டேன். காரணத்தைப் போனில் முழுசாகச் சொல்ல முடியவில்லை, மாதவிடாய் நின்ற நம்ம பெண்கள் எல்லோருக்கும் ஆகும் என்று இங்கே எழுதுகிறேன்.

பிரண்டை எனக்கு உயிர். யாங்கோனில் எங்கள் வேலி முழுக்க அதுதான், மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். நுனியில் இளசாகப் பார்த்து ஒடித்து, கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, கணுவை நறுக்கி எறிந்துவிட்டு ஓரத்து நாரை உரித்து, எண்ணெயில் நிறம் மாறிச் சுருளும்வரை வதக்க வேண்டும். இதில் அவசரப்பட்டால் நாக்கும் தொண்டையும் அரித்துத் தள்ளிவிடும், அதற்குள் இருக்கும் ஊசி ஊசியான கால்சியம் ஆக்சலேட்தான் காரணம். அப்புறம் வறுத்த உளுந்து, வரமிளகாய், புளி வைத்து அரைத்துச் சுடுசோற்றில் பிசைந்தால் வேறு குழம்பே வேண்டாம். பசி நன்றாக எடுக்கிறது, முழங்காலும் லேசாக இருக்கிறது. இதெல்லாம் நிஜம்.

ஆனால் எலும்பின் அடர்த்தி குறையும் இந்த எலும்புத் தேய்வு வலிக்காது. இதைத்தான் பிரண்டைப் பொடி விற்கிறவர்கள் சொல்வதே இல்லை. மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜன் என்கிற பெண் ஹார்மோன் குறைந்ததும் எலும்பைக் கரைக்கும் செல்கள் கட்டும் செல்களை முந்திவிடும், விழுந்து ஒடியும்வரை உடம்புக்கு ஒன்றும் தெரியாது. அதனால் "வலி போச்சு, எலும்பு தேறிடுச்சு" என்கிற பேச்சே தப்பு. எனக்கு முழங்கால் லேசாக இருந்த அதே சமயத்தில்தான் எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் இடுப்பெலும்பின் டி-ஸ்கோர் (இளவயது எலும்போடு ஒப்பிட்டுச் சொல்லும் அளவு) மைனஸ் 2.5-க்குக் கீழே வந்தது, அதாவது ஆஸ்டியோபோரோசிஸ் என்கிற இதே எலும்புத் தேய்வு.

நான் வாங்கிய பொடி டப்பாவில் "மாத்திரை தேவையில்லை" என்றே அச்சடித்திருந்தான். எவ்வளவு தைரியம்! மாதவிடாய் நின்ற நிலை வரச் சினைப்பையை நீக்கிய எலிகளுக்குப் பிரண்டை கொடுத்து எலும்பு இழப்பு குறைந்ததாக ஆய்வுகள் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. எலிக்கு ஆனதை வைத்து அறுபது வயதுப் பெண்ணின் மாத்திரையைப் பிடுங்கலாமா? பிரண்டையில் கால்சியம் நிறைய இருக்கிறதாம். ஆக்சலேட்டோடு கட்டுண்ட கால்சியத்தைக் குடல் சரியாக எடுக்காது. பாலில் இருந்து கிட்டத்தட்ட 30 சதவீதம் உடம்பில் சேர்கிறதென்றால் அதே ஆக்சலேட் நிறைந்த பாலக் கீரையில் இருந்து சேர்வது 5 சதவீதம்தான். தினம் 1200 மில்லிகிராம் வேண்டிய வயதில் இதை நம்பி இருக்க முடியாது.

எலும்புக்கு சோயா நல்லது என்கிற கதையும் இப்படித்தான். அமெரிக்காவில் மயாமியில் மாதவிடாய் நின்ற பெண்களுக்கு தினம் 200 மில்லிகிராம் சோயா ஐசோஃபிளவோன் (சோயாவில் இருக்கும், ஈஸ்ட்ரோஜன் மாதிரியான பொருள்) இரண்டு வருடம் கொடுத்துப் பார்த்தார்கள், எலும்பு இழப்பு நிற்கவில்லை; 2011-இல் வெளியான ஆய்வு அது. இங்கே நம்ம ஆட்கள் "சோயா நல்லது" என்று ஷான் தோஃபுவை வாங்கித் தின்கிறார்கள், அந்த மஞ்சள் தோஃபு கடலைமாவில் செய்வது. ருசியாக இருக்கும், தாராளமாகச் சாப்பிடுங்கள், ஆனால் அது சோயா இல்லை.

பொடியை வாங்கவே வாங்காதீர்கள். எலும்புக்கு மருந்தாகப் பார்த்தால் பிரண்டைக்கு நான் பத்துக்கு இரண்டு மார்க்கூடப் போட மாட்டேன். நாளைக்கும் எங்கள் வீட்டில் பிரண்டைத் துவையல்தான்.

தங்கச்சி, உன் எலும்புத் தேய்வு மாத்திரையான அலெண்ட்ரோனேட்டை வாரம் ஒருநாள் காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீரோடு போடு, அரைமணி நேரம் படுக்காதே, எதுவும் சாப்பிடாதே. கால்சியம் மாத்திரையைக் கூடவே போட்டால் இது வேலை செய்யாது, தள்ளிப் போடு. அடுத்த ஸ்கேன் எப்போது என்று டாக்டரிடம் கேட்டுக் குறித்து வை.