எம்கேடெம்ப் கட்டளையோடு ஒன்பது ஆண்டுகள்: ஓர் அச்சகத்து அனுபவம்

திருநெல்வேலி டவுனில், நெல்லையப்பர் கோயில் ரதவீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கும் சிறிய அச்சகத்தில் கணினி வேலைகள் முழுவதையும் நான் கவனித்துக்கொள்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம் பக்கமிருந்து மறுபதிப்புக்காக வரும் பழைய நூல்களின் ஸ்கேன் என்று ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு வேலை ஓடிக்கொண்டே இருக்கும். இவற்றில் பெரும்பகுதியை ஒரு லினக்ஸ் சர்வரில் நான் எழுதி வைத்திருக்கும் ஷெல் ஸ்கிரிப்டுகள் (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் சிறு நிரல்கள்) செய்கின்றன. ஒவ்வொரு ஸ்கிரிப்டும் இடையில் சில தற்காலிகக் கோப்புகளை உருவாக்கி, வேலை முடிந்ததும் அழிக்க வேண்டியது. அவற்றைப் பாதுகாப்பாக உருவாக்க நான் ஒன்பது ஆண்டுகளாக நம்பியிருக்கும் கட்டளை எம்கேடெம்ப் (mktemp). அது எதைத் தானே பார்த்துக்கொள்கிறது, எதை நம் பொறுப்பில் விட்டுவிடுகிறது என்பதை எனக்கு நேர்ந்தவற்றைக் கொண்டே எழுதுகிறேன்.

எங்கள் முதல் ஸ்கிரிப்ட், வாடிக்கையாளர் சரிபார்த்துக் கொடுத்த பிடிஎஃப்-ஐப் படங்களாக மாற்றி, தற்காலிகக் கோப்புகளுக்கான டெம்ப் கோப்புறையில் ‘பக்கம்-1’, ‘பக்கம்-2’ என்ற பெயர்களில் வைத்து, வாட்ஸ்அப்பில் அனுப்பத்தக்க அளவுக்குச் சுருக்கித் தரும். ஒருவர் மட்டும் வேலை பார்த்த காலத்தில் அதில் ஒரு குறையும் தெரியவில்லை. ஆவணி முகூர்த்த நெருக்கடியில் இரண்டு பேர் இரண்டு மேசைகளிலிருந்து ஒரே பயனர் கணக்கில் அதை ஓட்டியபோது, இரண்டாவது பத்திரிகையின் ‘பக்கம்-2’ முதல் பத்திரிகையின் ‘பக்கம்-2’ மேலேயே எழுதப்பட்டுவிட்டது. களக்காட்டிலிருந்து பெண்ணின் பெரியப்பா போன் செய்தார். “தம்பி, முன்பக்கம் நம்ம பத்திரிகைதான். உள்ள மாப்பிள்ளை பேரு வேறயால்ல இருக்கு” என்றார். அதற்குள் அவர் அதை உறவினர் பலருக்கு அனுப்பியும் இருந்தார். “அண்ணாச்சி, தப்பு எங்க மேலதான்” என்று சொல்வதைத் தவிர எனக்கு வேறு வழியிருக்கவில்லை.

அன்றிரவே கோப்பின் பெயரோடு ஸ்கிரிப்டின் செயல்முறை எண்ணைச் சேர்த்தேன். இரண்டு டாலர் குறிகளை அடுத்தடுத்து இட்டால் ஷெல் தரும் எண் அது. மோதல் நின்றது, பிரச்சினை தீர்ந்தது என்று நம்பினேன். ஆனால் அந்த எண் ரகசியமானதன்று. வரிசையாக ஏறும், லினக்ஸில் நெடுங்காலம் அதன் இயல்பான உச்ச வரம்பு 32768-தான். அந்த சர்வரில் உள்ள எவரும் அடுத்து வரப்போகும் எண்ணை ஏறத்தாழக் கணித்துவிடலாம்.

கணித்தால் என்ன ஆகும் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். டெம்ப் கோப்புறையின் அனுமதி 1777, அதாவது கணக்கு வைத்திருக்கும் யாரும் அங்கே கோப்பை உருவாக்கலாம். முதலில் வரும் 1 ஒருவரின் கோப்பை இன்னொருவர் அழிப்பதைத்தான் தடுக்கும். இன்னும் உருவாகாத ஒரு பெயரில் இன்னொருவர் முந்திக்கொள்வதைத் தடுக்காது. என் ஸ்கிரிப்ட் பயன்படுத்தப்போகும் பெயரில் ஒருவர் முன்கூட்டியே ஒரு சிம்லிங்கை (வேறொரு கோப்பைச் சுட்டும் குறுக்குவழியை) வைத்து, அதை என்னுடைய கணக்குப் புத்தகக் கோப்பை நோக்கித் திருப்பிவிட்டால், தற்காலிகக் கோப்பில் எழுதுவதாக நினைத்து என் ஸ்கிரிப்ட் என் கணக்கையே அழித்து எழுதிவிடும். ‘அந்தப் பெயரில் ஏற்கெனவே ஏதேனும் இருக்கிறதா’ என்று முதலில் சோதித்துவிட்டு எழுதினாலும் பயனில்லை. சோதனைக்கும் எழுதுவதற்கும் இடையில் கிடைக்கும் நொடிப்பொழுது போதும். 2012-இல் வந்த லினக்ஸ் 3.6 கெர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதியில்) இதற்கென ஒரு பாதுகாப்பு சேர்க்கப்பட்டது என்பது உண்மைதான். ஆயினும் அது அந்தந்தக் கணினியின் அமைப்பைப் பொறுத்தது என்பதால், ஸ்கிரிப்ட் அதை நம்பி நிற்கக் கூடாது.

எம்கேடெம்ப் இங்கேதான் உதவுகிறது. அது பெயரைத் தேர்ந்தெடுப்பதையும் கோப்பை உருவாக்குவதையும் பிரிக்க முடியாத ஒரே செயலாக்கிவிடுகிறது. ‘இந்தப் பெயரில் எதுவும் இல்லாவிட்டால் மட்டும் உருவாக்கு, சிம்லிங்க் இருந்தாலும் மறுத்துவிடு’ என்று கெர்னலிடம் கேட்கிறது. மறுக்கப்பட்டால் வேறொரு பெயரோடு மீண்டும் முயல்கிறது. ஒன்றும் குறிப்பிடாமல் அழைத்தால், லினக்ஸில் வழக்கமாக இருக்கும் க்னூ பதிப்பு, பெயரின் கடைசியில் பத்து எழுத்துகளைத் தற்போக்காக நிரப்பும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண்கள் ஆகிய 62 குறிகளிலிருந்து அவை எடுக்கப்படுகின்றன. ஆறு எழுத்துகள் மட்டும் என்றாலே 5,680 கோடிக்கு மேற்பட்ட பெயர்கள் சாத்தியம். உருவாகும் கோப்பின் அனுமதி 600. கோப்புறையாக இருந்தால் 700. உரிமையாளரைத் தவிர வேறு எவரும் அதைத் திறக்க முடியாது.

இந்தக் கட்டளை 1997-இல் ஓபன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் 2.1 பதிப்பில் வந்தது. க்னூவின் அடிப்படைக் கட்டளைகள் அடங்கிய கோர்யூட்டில்ஸ் தொகுப்பில் 2008-இல், 6.10 பதிப்பில்தான் சேர்ந்தது. இதே பெயரில் சி மொழியில் ஒரு பழைய செயல்கூறும் உண்டு. அது பெயரை மட்டும் தந்துவிட்டுக் கோப்பை உருவாக்காமல் விடுவது. ஆபத்தானது என்பதால் யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான 2008-ஆம் ஆண்டு போசிக்ஸ் தரத்திலிருந்தே நீக்கப்பட்டது. இரண்டையும் ஒன்றென எண்ணிக் கட்டளையைத் தவிர்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கட்டளைக்கு அந்தக் குறை இல்லை. ஆனால் ‘-யு’ என்ற தெரிவைக் கொடுத்தால், பெயரை மட்டும் தரும் அதே பழைய ஆபத்துக்குத் திரும்பிவிடுவோம். ஒன்பது ஆண்டுகளில் அது எனக்கு ஒருமுறைகூடத் தேவைப்படவில்லை.

இப்போது நான் தனித்தனிக் கோப்புகளை உருவாக்குவதே இல்லை. ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் டைரக்டரிக்கான ‘-டி’ தெரிவோடு ஒரே ஒரு கோப்புறையை உருவாக்கிவிட்டு, அதற்குள் ‘பக்கம்-1’, ‘பக்கம்-2’ என்ற அதே பழைய எளிய பெயர்களை வைத்துக்கொள்கிறேன். உள்ளே வேறு எவரும் நுழைய முடியாததால் எளிய பெயர்களால் இனித் தீங்கில்லை. நாமே பெயரைக் கொடுத்தால், தற்போக்கு எழுத்துகள் வர வேண்டிய இடத்தை எக்ஸ் எழுத்துகளால் குறிக்க வேண்டும்; வடிவமைப்பாளரின் மேக் கணினியில் அவை பெயரின் கடைசியில்தான் இருக்க வேண்டும், சில தெரிவுகளுக்குப் பொருளும் வேறு. கோப்புறை முறையில் அந்தத் தொல்லையும் இல்லாமல் போயிற்று.

இனி நான் பட்ட பெரிய இழப்பைச் சொல்கிறேன். ஏ4 பக்கம் ஒன்றை 600 டிபிஐ-இல் வண்ணத்தில் ஸ்கேன் செய்தால், சுருக்கப்படாத நிலையில் அது 100 எம்பி-யைத் தாண்டும்; இருநூறு பக்க நூலுக்கு 20 ஜிபி-க்கு மேல் வேண்டும். டெம்ப் கோப்புறை நினைவகத்தில் இயங்கும்படி அமைக்கப்பட்டிருந்தால், இயல்பாக ராமில் பாதி அளவுதான் அதற்குக் கிடைக்கும். 16 ஜிபி உள்ள எங்கள் சர்வரில் அது 8 ஜிபி. லினக்ஸ் வகைகளில் ஃபெடோரா 18-இலேயே இந்த மாற்றம் வந்துவிட்டது, டெபியன் 13-இலும் இப்போது இதுவே இயல்பு என்பதால், ஸ்கேன் வேலை செய்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். தற்காலிகக் கோப்புகளுக்கான இடத்தைச் சொல்லும் டெம்ப்டிர் என்னும் சூழல் மாறியில் நான் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கின் பாதையைக் கொடுத்தேன். எம்கேடெம்ப் அதற்குக் கட்டுப்பட்டு அங்கேயே கோப்புறைகளை உருவாக்கியது.

ஒரு நாள் காலையில் அந்த டிஸ்க்கின் கேபிள் தளர்ந்திருந்தது. பாதை இல்லாததால் எம்கேடெம்ப் பிழைச் செய்தியோடு நின்றுவிட்டது. அது சரியாகவே நடந்துகொண்டது. தவறு என் ஸ்கிரிப்டில் இருந்தது. கோப்புறையின் பெயர் வந்திருக்க வேண்டிய மாறி வெறுமையாக இருக்க, அடுத்த வரியில் இருந்த, கோப்புறை மாற்றும் சிடி கட்டளை, மாறியை நான் மேற்கோள் குறிக்குள் வைக்காததால், எந்தப் பெயரும் இல்லாமல் ஓடியது. பெயரில்லாத சிடி நம்மை ஹோம் கோப்புறைக்குக் கொண்டுபோய் விடும். அதற்கடுத்த வரி, ‘இங்குள்ள பிஎன்ஜி படங்களையெல்லாம் அழி’ என்பது. பத்திரிகை ஓரங்களுக்காக எங்கள் வரைகலைஞர் கையால் வரைந்து ஸ்கேன் செய்து கொடுத்திருந்த குத்துவிளக்கு, வாழைமரம், மாக்கோல வடிவங்கள் அங்கேதான் இருந்தன. சிலவற்றின் மூலத்தாள்கள் கிடைத்தன. மற்றவற்றை அவர் மீண்டும் வரைந்தார்.

பிழை நேர்ந்தால் உடனே நில் என்று ‘செட் -இ’ போட்டிருந்தும் ஸ்கிரிப்ட் ஏன் நிற்கவில்லை என்பது அன்று எனக்கு விளங்கவில்லை. பிறகு தேடியபோது காரணம் கிடைத்தது. ஒரு செயல்கூறுக்குள், லோக்கல் என்று அறிவிக்கும் அதே வரியில் எம்கேடெம்ப் தரும் விடையை மாறியில் ஏற்றினால், ஷெல் பார்ப்பது லோக்கல் கட்டளையின் வெற்றியைத்தான். எம்கேடெம்ப் அடைந்த தோல்வி மறைந்துவிடும். இப்போது அறிவிப்பை ஒரு வரியிலும் ஏற்றுவதை அடுத்த வரியிலும் எழுதி, அதன் முடிவில் ‘இல்லையேல் வெளியேறு’ என்று சேர்க்கிறேன். மாறி வரும் எல்லா இடத்திலும் மேற்கோள் குறி இடுகிறேன். அழிக்கும் வரியில், மாறி வெறுமையாக இருந்தால் ஷெல்லே நிறுத்திவிடும் கேள்விக்குறி வடிவத்தைப் பயன்படுத்துகிறேன்.

அனுமதி 600 என்பதும் ஒருமுறை என்னைத் தடுமாற வைத்தது. இணையதளத்தின் மாதிரிப் படங்களைத் தற்காலிகக் கோப்பில் தயாரித்து, எம்வி கட்டளையால் உரிய இடத்துக்கு மாற்றினேன். கோப்பு போனது; அதன் 600 அனுமதியும் கூடவே போனது. வெப் சர்வரால் படிக்க முடியாமல் படங்கள் வெறும் கட்டங்களாகத் தெரிந்தன. மாற்றுவதற்கு முன் அனுமதியை, எல்லோரும் படிக்கக்கூடிய 644 ஆக்குவதே தீர்வு. இத்தகைய வேலைக்குத் தற்காலிகக் கோப்பை, ‘-பி’ தெரிவின் மூலம், போய்ச் சேரும் கோப்புறையிலேயே உருவாக்க வேண்டும். ஒரே கோப்பு முறைமைக்குள் பெயர் மாறுவது ஒரே கணத்தில் முடியும். வேறொன்றுக்குப் போனால் எம்வி நகலெடுத்துத்தான் பழையதை அழிக்கும், இடையில் படத்தைத் திறப்பவருக்குப் பாதிப் படமே கிடைக்கும்.

எம்கேடெம்ப் தான் உருவாக்கியதைத் தானே அழிப்பதில்லை. அதற்கு, ஸ்கிரிப்ட் வெளியேறும்போது நாம் சொன்ன வரியை ஓட்டும் டிராப் கட்டளையைக் கொண்டு அழிக்கிறேன். கண்ட்ரோல்-சி அழுத்தி நிறுத்தினாலும் பாஷ் என்னும் ஷெல் அந்த வரியை ஓட்டிவிடும். டாஷ் என்னும் இன்னொரு ஷெல் அவ்வாறு ஓட்டுவதில்லை. டெபியன் 6 முதல் எஸ்ஹெச் என்ற பெயரில் ஷெல்லை அழைத்தால் ஓடுவது டாஷ்தான் என்பதால், ஸ்கிரிப்டின் முதல் வரியில் பாஷ் என்றே எழுதுகிறேன். ஸ்கிரிப்டை வலிந்து நிறுத்தும் கில் -9 கொடுத்தாலும் கரண்ட் போய் யுபிஎஸ் தீர்ந்தாலும் எந்த டிராப்பும் உதவாது, மிச்சங்கள் தங்கிவிடும். லினக்ஸின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி இயல்பாக டெம்ப் கோப்புறையில் 10 நாள், வார்-டெம்ப் என்னும் இன்னொரு தற்காலிகக் கோப்புறையில் 30 நாள் கழித்துப் பழையவற்றை அகற்றும். வெளி டிஸ்க் அதன் பார்வையில் இல்லை. ஆகவே ஒவ்வொரு கோப்புறைப் பெயரின் தொடக்கத்திலும் அச்சகத்தின் சுருக்கப் பெயரைச் சேர்த்திருக்கிறேன். தினமும் அதிகாலை நான்கு மணிக்குத் தானே ஓடும் ஒரு கிரான் வேலை, அந்தத் தொடக்கம் கொண்டவையும் இரண்டு நாளைக் கடந்தவையுமான கோப்புறைகளை மட்டும் அகற்றுகிறது. காலையில் கடையைத் திறந்ததும் அது எழுதி வைத்திருக்கும் பட்டியலை நான் ஒருமுறை படித்துவிட்டுத்தான் முதல் பத்திரிகையை எடுக்கிறேன்.