எச்சரிக்கை: ‘புனே டிக்கெட்டா மாத்தித் தரேன்’

2018 ஏப்ரலில் சேப்பாக்கம் ஆட்டங்கள் புனேவுக்குப் போனபோது நான் 12,500 ரூபாய் ஏமாந்தேன். இத்தனை நாள் வெளியில் சொல்லவில்லை. 2025 மே மாதம் எல்லைப் பதற்றத்தால் ஐபிஎல் நிறுத்தப்பட்டு, 12ஆம் தேதி சேப்பாக்கத்தில் நடக்கவேண்டிய ராஜஸ்தான் ஆட்டம் டெல்லிக்கு மாறியது. அப்போது என் அலுவலகத்துப் பையன் ஒருவனுக்கு ஏறக்குறைய அதே மெசேஜ் வந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

இரண்டு வருடத் தடைக்குப் பிறகு சென்னை அணி திரும்பி வந்த வருடம் அது. தோனியை ஒருமுறையாவது மைதானத்தில் பார்த்துவிட வேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை. ஏப்ரல் 20 ராஜஸ்தான் ஆட்டத்துக்கு டிக்கெட் இருப்பதாக, நண்பரின் நண்பர் மூலம் ஒருவருடைய நம்பர் கிடைத்தது. ஒன்று 3,500 வீதம் மூன்று டிக்கெட். டிக்கெட்டைக் கையில் பிடித்து போட்டோ அனுப்பினார். நம்பி 10,500 ரூபாயை அக்கவுண்டில் போட்டேன்.

ஊர் அப்போது கொதித்துக்கொண்டிருந்தது. பிப்ரவரி 16 தீர்ப்பில் காவிரியில் நம் பங்கு 177.25 டிஎம்சியாகக் குறைந்தது. மத்திய அரசுக்குக் கொடுத்த ஆறு வாரக் கெடுவும் மார்ச் 29இல் முடிந்தது, காவிரி மேலாண்மை வாரியம் வரவில்லை. ஏப்ரல் 10, கொல்கத்தா ஆட்டத்தன்று அண்ணா சாலை முழுக்கப் போராட்டம், மைதானத்துக்குள் செருப்பு வந்து விழுந்தது. மறுநாளே, போலீஸ் பாதுகாப்பு கிடைக்காது என்று மீதி ஆறு ஆட்டங்களையும் புனேவுக்கு மாற்றிவிட்டார்கள். போராடியவர்கள் மேல் எனக்கு வருத்தமே இல்லை. அம்மாவுக்குத் திருத்துறைப்பூண்டிப் பக்கம். ஜூன் 12இல் மேட்டூர் திறந்து பல வருடம் ஆகியிருந்த காலம் அது, அந்த வயல்களைப் பார்த்தவன் நான்.

என் ஆத்திரமெல்லாம் டிக்கெட் விற்ற ஆள் மேல்தான். செய்தி வந்த அன்று இரவே வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். “சார், கவலைப்படாதீங்க. கிரிக்கெட் போர்டுல இருந்து பணம் வர 45 நாள் ஆகும். அவசரம்னா புனே டிக்கெட்டா மாத்தித் தரேன்.” அடுத்த வாரம், ரசிகர்களைப் புனேவுக்கு அழைத்துப்போக அணி நிர்வாகமே சிறப்பு ரயில் விடுகிறது என்று செய்தி வந்தது. உடனே, “அதுல மூணு சீட் வாங்கிட்டேன், மேல ஒரு 2,000 போடுங்க” என்றார். போட்டேன். அந்த ரயில் ரசிகர்களுக்கு இலவசம் என்று பிறகுதான் தெரிந்தது. அதற்குள் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

அப்புறம்தான் அந்த போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தேதி மேலும் எதிரணி பெயர் மேலும் கட்டைவிரல். நகத்தின் ஓரத்தில் ‘கே’ என்ற ஆங்கில எழுத்து பாதி தெரிந்தது. ராஜஸ்தானில் ஏது கே? அது கொல்கத்தா ஆட்டத்தின் டிக்கெட். என் ஆட்டத்துக்கு அவரிடம் டிக்கெட்டே இருந்ததில்லை. ஆட்டம் ஊர் மாறியது அவருக்கு நல்ல சாக்காகப் போயிற்று. நானும் போர்டு பணம் தரும் என்று தினமும் காத்துக்கொண்டிருந்தேன்.

20ஆம் தேதி வாட்சன் சதம் அடித்ததை வீட்டு டிவியில் பார்த்தோம். அப்பா கைதட்டிக்கொண்டே இருந்தார். பணம் போனது அவருக்கு இன்றுவரை தெரியாது.

ஆன்லைனில் எடுத்த டிக்கெட் ரத்தானால், பணம் புக் செய்தவர் கணக்குக்குத்தான் திரும்பும். இடைத்தரகரிடம் வாங்கிய உங்களுக்கு வராது. ஒரு ஊர் டிக்கெட்டை இன்னொரு ஊர் டிக்கெட்டாக மாற்றித் தருகிறேன், மேலே பணம் போடு என்று யார் கேட்டாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள். டிக்கெட் போட்டோவில் விரல் எதை மறைக்கிறது என்று பாருங்கள். ஏற்கெனவே பணம் போட்டிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு உடனே போன் செய்யுங்கள். எனக்கு நடந்தபோது அந்த எண் கிடையாது. மெசேஜ், வாய்ஸ், பணம் அனுப்பிய ரசீது எதையும் அழித்துவிடாதீர்கள். நான் கோபத்தில் எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். ஸ்டேஷனில் முதலில் கேட்டதே அதைத்தான்.